நல்ல ரத்தம்

"இருக்குற கிருமியை இல்லைன்னு சொல்லுதே உன் மெஷின்! ஏம்மா, ஒரு வருஷமா இதைத்தான் சொல்லிக்கொடுத்தியா?"

ஆய்வகத் தலைவர் போட்ட சத்தத்தில் கண்ணாடிக் கதவே அதிர்ந்தது. அவருக்குத் தெரியாமல் எல்லோரும் 'பீரங்கி' என்று பெயர் வைத்திருந்ததில் தப்பே இல்லை.

எதிரே நின்ற பொறியாளர் பெண் தலைகுனிந்தாள். அவள் கருவியில் ஒரு சொட்டு ரத்தம் விட்டால் போதும், கிருமியின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று பத்தே நிமிடத்தில் சொல்லிவிடும். எது நோய் ரத்தம், எது நல்ல ரத்தம் என்று நூற்றுக்கணக்கான தடவை காட்டிக் காட்டி அதற்குப் பாடம் நடத்தியவள் அவள்தான். திங்கட்கிழமை கருவி மருத்துவமனைகளுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் அவள் வேலை போய்விடும்.

"நிறைய கிருமி இருந்தா கரெக்டா பிடிக்குது சார். கொஞ்சமா இருந்தாத்தான் கோட்டை விடுது."

"டெஸ்டுக்கு வந்த தையல்காரம்மா பாதியா இளைச்சு நிக்கிறாங்க. பழைய டெஸ்ட்ல கிருமி இருக்கு. உன் மெஷின் மூணு தடவையும் 'இல்லை'ங்குது. அவங்களை அப்படியே வீட்டுக்கு அனுப்பிடலாமா?"

அவள் கணினித் திரைப் பக்கம் திரும்பினாள்.

"என்னைப் பாரு. அறுபது வயசு, ஒரு மாத்திரை போட்டதில்லை. தினமும் காலையில நடக்க ஆரம்பிச்சேன், பெல்ட்டுக்குப் புதுசா மூணு ஓட்டை போட்டாச்சு. என் சம்சாரத்துக்கே பொறாமை! எதையும் ஒழுங்கா செய்யணும்மா."

அவள் திரையில், கருவி வரைந்த இரண்டு கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். ஒன்று தையல்காரம்மாவின் ரத்தம். இன்னொன்று, 'நல்ல ரத்தம்' என்று கருவிக்குக் காட்டிய பாட்டில். இம்மி பிசகாமல் பொருந்தின.

"மெஷின் மேல தப்பில்லை சார். நாம நல்ல ரத்தம்னு காட்டினதுலயே கொஞ்சம் கிருமி இருந்திருக்கு. அதனால, கொஞ்சமா இருந்தா 'இல்லை'ன்னு சொல்லணும்னு அது கத்துக்கிச்சு. அந்தப் பாட்டிலைக் காலையிலயே பழைய டெஸ்டுக்கு அனுப்பினேன்."

நீட்டிய தாளில் 'கிருமி உண்டு' என்றிருந்தது.

"அறிவிருக்கா உனக்கு?" பீரங்கி வெடித்தது. "எந்த நோயாளிகிட்டம்மா போய் வாங்கினே?"

அவள் கண்கள் கலங்கின.

"வெளியாள் யார்கிட்டயும் வாங்கலை சார். 'என் ரத்தத்தைவிட சுத்தமா எங்கே கிடைக்கும்'னு போன வருஷம் நீங்கதானே சட்டைக் கையை மடிச்சீங்க..."

பீரங்கியின் கை பெல்ட்டின் புது ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தது.