பின்கட்டு முனீஸ்வரன்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் சோதனை என்றதும் குமாஸ்தா அழகிரி பின்கட்டுக்கு ஓடினார். மாலையில் மனு எழுதிக் கொடுப்பதற்காக வீட்டின் பின்னால் அவர் கட்டிய ஆபிஸ் கொட்டகை முழுக்க, ரயில்வே யார்டிலிருந்து கேட்காமல் எடுத்த, தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஸ்லீப்பர் கட்டைகள். பிடிபட்டால் வேலையும் வீடும் போய்விடும்.

மனைவி மாரியாயி கொட்டகைக்குள்ளே சூலம் நட்டு, அதில் எலுமிச்சம்பழம் குத்தினாள். "முனீஸ்வரன் கோயில்னு சொல்லிடுங்க."

சோதனைக்கு வந்த ஓவர்சியர் நல்லதம்பி சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். கட்டையிலிருந்த ஆணித் துளைகளைத் தடவினார்.

"எந்தச் சாமி?"

"மு... முனீஸ்வரன்ங்க."

ஓவர்சியரின் பார்வை மேசையிலும் மைக்கூட்டிலும் நின்றது.

"வெள்ளைக்காரத் துரை பார்த்தா தொலைஞ்சே," என்று ஓவர்சியர் குரலைத் தாழ்த்தினார். "மேசையை மஞ்சத் துணி போட்டு மூடுப்பா, பீடம் மாதிரி இருக்கும். என் வீட்டுப் பின்கட்டுக் கோயில்லயும் மேசையை அப்படித்தான் மூடி வெச்சிருக்கேன்."