முதலை

எஸ்பெராண்டோ சங்க ஆண்டு விழா தொடங்கும் நேரம் பார்த்து, கழிவறைத் தாழ்ப்பாள் அவர் கையோடு வந்துவிட்டது.

"யாராவது கதவைத் திறங்கப்பா! உள்ள மாட்டிக்கிட்டேன்!"

"க்ரோகோதிலோ! க்ரோகோதிலோ!" என்று வெளியே சிரித்தார்கள்.

முதலை என்று அர்த்தம். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமல் ஜனங்கள் அடித்துக்கொள்ள வேண்டாமே என்று ஒரு கண் மருத்துவர் உருவாக்கிய மொழி எஸ்பெராண்டோ. சங்கத்துக்குள் அதை விட்டுத் தாய்மொழியில் வாய் திறப்பவர் முதலை. முதலைக்கு யாரும் பதில் சொல்லக் கூடாது என்பது கறாரான விதி.

"விதியைத் தூக்கிக் குப்பையில போடுங்கய்யா! மூச்சு முட்டுது!"

"பதில் சொல்லிடாதே," என்று வெளியே ஒருவர் கிசுகிசுத்தார். "விதி போட்ட தலைவர் காதுல விழுந்தா நம்ம தோலை உரிச்சிடுவார்."

உள்ளே அவருக்கு வியர்த்துக் கொட்டியது. அந்த மொழியில் கதவுக்கு என்ன, உதவிக்கு என்ன? மண்டையை உடைத்துக்கொண்டும் வரவில்லை. வருடா வருடம் மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் ஒரே ஒரு பத்திதான் அவர் அறிந்த எஸ்பெராண்டோ. வேறு வழியில்லாமல் அதையே அடித்தொண்டையில் முழங்கினார்.

"காராய் அமிகோய்..."

நாலு சுவரிலும் மோதி, மைக்கில் பேசுவதுபோல் அது அதிர்ந்தது.

"ஐயையோ, தலைவர் வரவேற்புரையை ஆரம்பிச்சிட்டார்! ஓடு, ஓடு!"

காலடிகள் மேடைப் பக்கம் ஓடி ஓய்ந்தன. தாழ்ப்பாளும் கையுமாக நின்றார் தலைவர்.