படிக்கொரு பொட்டு

"படிக்குப் படி குங்குமம் வைக்கறேன்னு எதுக்கு புள்ள வேண்டிக்கிட்ட? மேல போறதுக்குள்ள மத்தியானமாயிரும்!"

சாமுண்டி மலைப் படியில் முனிராஜ் மனைவியைச் சீண்டினார். வடிவு குனிந்து பொட்டு வைக்கும்போதெல்லாம், அவர் திரும்பி நின்று மார்கழிப் பனிக்குள் தெரிந்த மைசூர் அரண்மனையை ரசித்தார்.

வழியிலுள்ள பெரிய நந்தி சிலை வருவதற்குள் குங்குமம் தீர்ந்துவிட்டது.

"இரு, கீழ ஓடிப்போய் வாங்கிட்டு வந்தர்றேன்."

"ஐயோ, ஓடாதீங்க! வேண்டுதலே இல்லீங்க. நெஞ்சுல ஆபரேசன் பண்ணுன ஒடம்பு, நின்னு நின்னுதான் ஏறணும்னு டாக்டர் சொன்னாரு. நான் சொன்னா நிப்பீங்களா? அதான்..."

முனிராஜ் அப்படியே படியில் உட்கார்ந்தார்.

"எனக்கும் மூச்சு வாங்குச்சு புள்ள. இல்லீன்னா, அந்த அரமனைய நான் என்ன, இன்னிக்குத்தான் புதுசாப் பாக்கறனா?"