பெட்டியிலதான் கோளாறு

“அது அவன் பிழைப்பு. அதுல உனக்கென்ன வேலை?” என்று கேட்டாள் டிஜேயின் அக்கா.

டிஜேயின் மனைவி சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள். பக்கத்தில் கணவனின் பெட்டி. பாட்டைத் தள்ளவும் பிடிக்கவும் இரண்டு வட்டத் தட்டுகள், தட்டுக்கு எட்டாகப் பதினாறு பட்டன்கள். பத்து வருஷமாக விருந்துகளில் பாட்டுப் போடுகிறவன் அவன். அந்தப் பெட்டியை அக்காகூடத் தூசி தட்டத் தொட்டதில்லை.

எல்லாம் போன மாதம் ஆரம்பித்தது. ஹோட்டலில் ஞாயிறு மதிய விருந்து. ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்ததை நுழைத்தபோது இரண்டின் தாளமும் முட்டிக்கொண்டன. ஆடிக்கொண்டிருந்தவர்கள் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றுவிட்டார்கள். அடுத்த வாரமும் அதே கதை. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று ஹோட்டல் மேனேஜர் தன்மையாகவே சொல்லிவிட்டார். அடுத்த விருந்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

வீட்டுக்கு வந்தவன், “பெட்டியிலதான் கோளாறு. பட்டனை அமுக்கினா லேட்டா வேலை செய்யுது,” என்றான்.

“அப்படியா? நான் பார்க்கிறேன்,” என்றாள் மனைவி.

அவள் மருந்துக் கிடங்கில் வேலை செய்கிறவள். எந்த எண்ணுக்கு எந்த அலமாரி, அதில் எந்த மருந்து என்று பட்டியல் போடுவதுதான் வேலை. பெட்டியும் அப்படித்தான் என்பது மூன்றாம் நாள் பிடிபட்டது. பட்டனுக்குப் பாட்டும் தெரியாது, தாளமும் தெரியாது. அமுக்கினால் ஒரு எண்ணை அனுப்பும். அந்த எண் வந்தால் என்ன செய்வதென்று மடிக்கணினியில் உள்ள மென்பொருளுக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. மேப்பிங் என்கிறார்கள். அதைத் திருத்தினால் பட்டனின் வேலையே மாறிவிடும்.

தினமும் காலையில் கிளம்புவதற்கு முன் ஒரு மணி நேரம் அதில் உட்கார்ந்தாள். முதல் வாரம் எல்லாம் தலைகீழ். பாட்டை நிறுத்த வேண்டிய பட்டன் சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றியது. மாடிவீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே இறங்கி வந்துவிட்டார். தம்பி பெண்டாட்டி தொழில் பழகுகிறாள், இன்னும் கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லி அனுப்பினாள் அக்கா.

“கொல்லன் தெருவுல ஊசி விக்கிறா,” என்று தம்பியிடமும் சொன்னாள்.

இரண்டாம் வாரம் மனைவிக்கு இன்னொரு விஷயம் தெரிந்தது. பெட்டி எண்ணை அனுப்புவது போல, மென்பொருளும் பெட்டிக்கு எண் அனுப்பலாம். அனுப்பினால் பட்டனுக்குள் விளக்கு எரியும்.

இடது பக்க எட்டு பட்டன்களை ஓடுகிற பாட்டுக்கும், வலது பக்க எட்டை அடுத்து வரப்போகும் பாட்டுக்கும் கொடுத்தாள். ஒவ்வொரு தாளத்துக்கும் விளக்கு ஒரு பட்டன் தள்ளிப் போகும். இரண்டு விளக்கும் ஜோடியாக நடந்தால் இரண்டு பாட்டும் சேர்ந்து ஓடுகின்றன என்று அர்த்தம். ஒன்று முந்தினாலும் பிந்தினாலும் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

மென்பொருளே பாட்டுகளைச் சேர்த்துக்கொள்ளும் வசதியும் இருந்தது. ஆனால் ஹெட்போன் மாட்டிய காதில் அடுத்த பாட்டையும், மறு காதில் கூடத்தில் ஓடுகிற பாட்டையும் கேட்டுக் கையால் சேர்க்காதவன் டிஜேயே இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருப்பவன் அவன். அதனால் அந்த வசதியை அவள் தொடவில்லை.

சனிக்கிழமை அவன் பெட்டியைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தான். இதென்ன குழந்தைகள் விளையாட்டுச் சாமானா, பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா என்று கேட்டான்.

“பட்டன் லேட்டுன்னு சொன்னீங்கல்ல, அதைச் சரி பண்ணிட்டேன். விளக்கு சும்மா அழகுக்குத்தான்,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவனோடு அவளும் ஹோட்டலுக்குப் போனாள். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு வாசல் பக்கமே நின்றிருந்தார். அவள் சுவரோரம் நின்றாள்.

முதல் பாட்டு முடியப்போகிற நேரம். டிஜே குனிந்தான். ஹெட்போனைக் காதில் அழுத்தினான், பிறகு எடுத்துவிட்டான். பட்டன்களையே பார்த்துக்கொண்டிருந்தான். வலது விளக்கு கொஞ்சம் பிந்தியிருந்தது. தட்டை விரல் நுனியால் லேசாகத் தள்ளினான். இரண்டு விளக்கும் சேர்ந்து நடந்தன. அடுத்த பாட்டை மெல்ல ஏற்றினான்.

பாட்டு மாறியதை யாரும் கவனிக்கவில்லை. ஆடியவர்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள்.

மூன்று மணி நேரத்தில் ஒரு இடத்தில்கூட இடறவில்லை. மேனேஜர் கைகொடுத்தார். அடுத்த ஞாயிறும் நேரத்துக்கு வந்துவிடச் சொன்னார்.

பஸ்ஸில் ஏறியதும் டிஜே வலப்பக்க ஜன்னலோர இருக்கைக்குப் போனான். மனைவி அவனை முந்திக்கொண்டு அதில் உட்கார்ந்துவிட்டாள்.

“இந்த வயசுலயும் உனக்கு ஜன்னல் சீட்டு வேணும்,” என்று சிரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தான். நல்ல மனநிலையில் இருந்தான். “நான்தான் சொன்னேனே, பெட்டியிலதான் கோளாறுன்னு. அந்த விளக்கெல்லாம் எனக்குத் தேவையே இல்லை. நீ ஆசையா பண்ணினியேன்னு விட்டு வெச்சிருக்கேன்.”

“இருந்துட்டுப் போகட்டும்ங்க,” என்றாள்.

பிறகு அவன் பக்கமாகத் திரும்பி, அவனுடைய வலது காதருகே, வீட்டுக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று சாதாரணக் குரலில் பேச ஆரம்பித்தாள். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான்.

இடது காது கேட்காமல் போய் ஆறு மாதம் ஆகிறது என்பதை அவன் அவளிடம் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.