வெள்ளி ஃப்ரேம்

"அவளுக்கு அந்த வெள்ளி ஃப்ரேம் மேலதான் கண்ணு, ஜலஜா. எழுதி வெச்சுக்கோ" என்றார் கணவர் பத்ரிநாராயணன்.

ஜலஜாவுக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. வேலைக்காரி தாயம்மா வீடு முழுக்கத் துடைக்கிற நேரத்தில் பாதியை, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த அந்த ஒரு படத்துக்கே செலவழிப்பாள். நேற்று அதைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

"பெரும்பாக்கத்துலேர்ந்து மயிலாப்பூருக்கு வரா. அங்கயே ஃப்ளாட் ஃப்ளாட்டா வேலைக்கு ஆள் தேடிண்டிருக்கா. ரெண்டு பஸ் மாறி இங்க வரணும்னு என்ன தலையெழுத்து?"

நியாயமான கேள்விதான். அந்த பஸ்ஸில் முகம் வழித்துக்கொண்டு ஏறுகிற ஆள், மயிலாப்பூரில் தாடியோடுதான் இறங்குவார். தாயம்மா தினமும் தாமதம். இன்றோடு நிறுத்திவிடுவது என்று முடிவாகிவிட்டது.

ஒன்பதரைக்கு வந்தாள்.

"மணி என்ன தெரியுமோ?"

"பஸ்ஸு மத்திய கைலாஷாண்ட படுத்துக்கிச்சும்மா."

"அது எழுந்திருந்த நாளை நான் பார்த்ததே இல்ல. இதோ பாரு, நாளைலேர்ந்து..."

ஃபோன் அடித்தது. குவாத்தமாலாவிலிருந்து மகள் ஸஹானா, வீடியோவில்.

ஸ்பானிஷ் படிக்கப் போயிருக்கிறாள். காலையில் வகுப்பு, மத்தியானம் அங்கே ஆற்றோரக் குடிசைக்காரர்களின் சங்கத்தில் தொண்டு. அந்தக் குழந்தைகளோடு அவள் நிற்கிற ஃபோட்டோவை ஜலஜா காட்டாத ஜீவன் மயிலாப்பூரில் இருந்தால், அது தெப்பக்குளத்து மீனாகத்தான் இருக்கும்.

"அம்மா, இங்க பெரிய அநியாயம். ஆத்தங்கரைல இருக்கறவாளை எல்லாம் ஊருக்கு வெளியே தூக்கிப் போடப் போறாளாம். டோன்யா ரோசா அழுதுண்டே இருக்கா. பெரியவாளை இங்க டோன்யான்னு மரியாதையாத்தான் கூப்பிடணும். அது சரி, தாயம்மா இருக்காளா? அவா அவா ஊர்லேர்ந்து இந்த மாதிரி ஒரு கதை கொண்டுவரச் சொல்லியிருக்கா டீச்சர். நான் அதை ஸ்பானிஷ்ல சொல்லணும். அவளுக்கு வீடு போச்சுன்னு நீ ஒருதரம் சொன்னியே."

வேலையை விட்டு நிறுத்துவதை ஐந்து நிமிஷம் தள்ளிப்போட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. ஜலஜா ஃபோனைத் தாயம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"தாயம்மா, சொல்லு. உன் வீட்டை எப்படி இடிச்சா?"

"இன்னாத்த சொல்றது பாப்பா. அடையாறு ஆத்தோரம் ஒத்த ரூமு. பச்சைக் கதவு. எங்க வூட்டுக்காரரு ஆட்டோவுக்கு பெயிண்ட் அடிக்கிறவரு. பொண்ணு பொறந்தப்போ கதவுல கயல்னு பேரு எய்தினாரு. மஞ்சக் கலரு. பக்கத்துல ஒரு மீனு."

"ஸோ ஸ்வீட். அப்புறம்?"

"ஒரு நாளு படிக்கிற புள்ளைங்க வந்துச்சிங்களாம். தலையில தொப்பி, கைக்கு உறை. ஆத்த சுத்தம் பண்ணப் போறோம், குப்பை எங்க கொட்றீங்க, கக்கூஸு எங்க போறீங்கன்னு கேட்டு எய்திக்கினு போச்சிங்களாம். எம்பொண்ணுதான் எல்லாத்துக்கும் பதில் சொல்லி, மோரும் குடுத்திச்சு. மூணு மாசம் கழிச்சு அந்தக் காயிதத்தையே காட்டி, ஆத்தக் கெடுக்கிறது நீங்கதான், நீங்களே ஒத்துக்கினு கீறீங்கன்னு சொல்லி இடிச்சிட்டு, எங்கள பெரும்பாக்கத்துல கொண்டுபோய்ப் போட்டாங்க. அங்க போன ஆறாம் மாசம் அவரும் செத்துப் பூட்டாரு."

ஸஹானா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சே, என்ன மனுஷா. யார் அந்தப் பசங்க? முகம் ஞாபகம் இருக்கா?"

"நான் எங்க பாத்தேன் பாப்பா? அன்னிக்கு உங்க வூட்லதான் பாத்திரம் தேச்சிக்கினு இருந்தேன்."

"டீச்சர் அழப்போறா பாரு, அம்மா. நாளைக்குப் பேசறேன்."

தாயம்மா துணியை எடுத்துக்கொண்டு நேரே அந்தப் படத்துக்குத்தான் போனாள். விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர ஜலஜா பின்னாலேயே போனாள். போனவள் நின்றுவிட்டாள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஸஹானாவுக்குக் கிடைத்த 'சிறந்த தன்னார்வலர்' பரிசு அது. குடியிருப்போர் சங்கம் கொடுத்தது, செயலாளர் பத்ரிநாராயணன்தான். படத்தில் ஸஹானா: தலையில் தொப்பி, கையில் உறை, ஒரு கட்டுக் காகிதம், முகம் கொள்ளாத சிரிப்பு. இத்தனை நாளும் ஜலஜா அந்தச் சிரிப்பைத்தான் பார்த்திருந்தாள்.

சிரிப்புக்குப் பின்னால் ஒரு பச்சைக் கதவு. மஞ்சள் எழுத்தில் 'கயல்'. பக்கத்தில் ஒரு மீன்.

"இது... உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"மாட்டின அன்னிலேர்ந்தும்மா."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா பாப்பா மனசு கஷ்டப்படும். இடிக்கிறப்போ ஒரு போட்டோ புடிச்சி வெக்கணும்னு எங்களுக்குத் தோணல. அவரு எய்த்து வேற எங்கியும் இல்லம்மா. இங்கதான் கீது. அதான் வந்துக்கினு கீறேன்."

ஜலஜா அழுதேவிட்டாள். காபி கலந்து, வீட்டு டம்ளரிலேயே கொடுத்தாள். இனிமேல் எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் வா என்றாள். சாயந்திரம் கணவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கூடத்துக்கு நாலு பேர் வரா, போறா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் தாயம்மா எட்டு மணிக்கே வந்துவிட்டாள். துணியை எடுத்துக்கொண்டு சுவருக்கு எதிரே போய் நின்றாள்.

ஆணி மட்டும்தான் இருந்தது.

"தினம் அதைப் பார்த்தா உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்," என்றாள் ஜலஜா, "மாமா எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டிட்டார், தாயம்மா."