ரெண்டாவது கார்டு

"இந்தக் கார்டை உங்களுக்கு விக்க மாட்டேன் தம்பி."

சொல்லிட்டு கம்ப்யூட்டர் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைச் சாத்திட்டாரு.

ஸ்பீடுக்குத் தூக்கிவாரிப் போட்டுது. வீட்ல அவனை அவசரக்குடுக்கைன்னு திட்டுவாங்க. அதைத்தான் ஃப்ரெண்ட்ஸ் சுருக்கி 'ஸ்பீடு' ஆக்கிட்டாங்க.

"ஏன், நான் குடுத்தா காசு இல்லையா?"

"அதில்ல தம்பி. இது ரொம்பப் பழசு. உங்ககிட்ட இருக்குற கார்டோட வேகத்துக்கு இது..."

"புரியுதுங்க. விலை ஜாஸ்தியான ஒண்ணை என் தலையில கட்டணும், அதானே?"

"எதையுமே வாங்காதீங்கன்னுதான் சொல்றேன். இருக்குற ஒண்ணே போதும். நான் சொல்றதைக் கொஞ்சம்..."

கூட வந்த சோடாபுட்டிக்குச் சிரிப்பு தாங்கல. "மச்சான், உன் மூஞ்சி வாங்குற மூஞ்சியாத் தெரியலையாம்டா!"

கடையில நின்ன நாலு பேரும் சிரிச்சிட்டாங்க. அவ்வளவுதான். ஸ்பீடு விடுவிடுன்னு வெளிய வந்துட்டான்.

அப்படி என்ன பெரிய ஆசை அவனுக்கு? கம்ப்யூட்டர்ல ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருக்கு. படத்தை அது பாத்துக்கும். கூடவே சல்லிசா ரெண்டாவது ஒண்ணு சொருகினா, சுவர் உடையறப்ப தெறிக்கிற கல்லு, காலைச் சுத்துற புகை, காத்துல படபடக்குற துணி எல்லாத்தையும் அது கணக்குப் போட்டுக்கும். கேம் அப்படியே நிஜம் மாதிரி இருக்கும்! இதுக்காக ஒரு மாசமா தூக்கமில்ல.

பஸ் ஸ்டாப்புக்கு வர்றதுக்குள்ளயே போனை எடுத்துட்டான்.

"என்னடா பண்ற?"

"கேம் குரூப்புல போடறேன். 'கஸ்டமரை அவமானப்படுத்துற கடை. யாரும் போகாதீங்க.' எப்படி?"

"டேய், பாவம்டா. இந்தத் தெருவுல பாதிக் கடை நம்ம குரூப்பை நம்பித்தான் ஓடுது. அந்தாளு பொழப்புல மண்ணு விழுந்துடும்."

"விழட்டும். அப்பதான் வாய் குறையும்."

போட்டான். கடை போட்டோவோட.

பஸ் வர்றதுக்குள்ள நூறு பேர் சிரிச்சிருந்தாங்க. 'நானும் இனி போகமாட்டேன்'னு ஒருத்தன். 'எனக்கும் அந்தாளைப் பாத்தாலே ஆகாது'ன்னு, கடைப்பக்கமே போகாத இன்னொருத்தன். ஸ்பீடுக்கு உள்ளுக்குள்ள ஜில்லுன்னு இருந்துச்சு.

மறுநாளே வேற கடையில அதே மாதிரி கார்டு ஒண்ணு வாங்கிட்டான். அங்க ஒரு கேள்வி கேக்கல. "வாங்க சார், உக்காருங்க சார்"னு ஒரே உபசாரம்.

வீட்டுக்கு வந்து சொருகினான். கேமைத் திறந்தான். சுவரைப் பாத்து ஒரு குண்டு வீசினான்.

சுவர் உடைஞ்சுது. கல்லு தெறிச்சுது. ஆனா ஒவ்வொரு கல்லும் நின்னு, யோசிச்சு, அப்புறம் விழுந்துது. இத்தனை நாள் வழுக்கிக்கிட்டு ஓடின கேம், இப்போ திக்கித் திக்கி நகருது.

மூணு நாளா கழட்டிக் கழட்டி மாட்டினான். ம்ஹூம். செவ்வாய்க்கிழமை காலேஜுக்கு மட்டம் போட்டுட்டு, வெக்கத்தை விட்டு குரூப்புல கேட்டான். முன்னாடி சிரிச்ச அதே கூட்டம் இப்போ இவனைப் பாத்துச் சிரிச்சுது.

காலையில பதினொரு மணிக்கு தனியா ஒரு மெசேஜ். பேரு 'பழைய ஸ்க்ரூ'.

'முதல் கார்டு எது தம்பி? ரெண்டாவது எது? போட்டோ அனுப்புங்க.'

அனுப்பினான். அந்த மனுஷன் ஒண்ணொண்ணா கேட்டாரு. இதை அமுக்குங்க, அதைப் பாருங்க, இல்ல இல்ல, அதுக்கு மேல இருக்குறது. ஸ்பீடு அவசரத்துல எதையோ அமுக்கித் திரையே இருண்டு போனப்பகூட, 'பதறாதீங்க, திரும்ப முதல்ல இருந்து வருவோம்'னாரு.

'விஷயம் இதான் தம்பி. முதல் கார்டு படத்தைப் போட்டு ரெடியா இருக்கு. கல்லு எங்க விழணும்னு ரெண்டாவது கணக்குப் போட்டு முடிக்கணும். அது மெதுவா போடுது. அதுவரைக்கும் முதலாவது கையைக் கட்டிக்கிட்டு நிக்குது. செட்டிங்ல அந்தக் கணக்கையும் முதல் கார்டுக்கே குடுங்க. அப்புறம் ரெண்டாவதைக் கழட்டிடுங்க.'

அப்படியே செஞ்சான். கேமைத் திறந்தான்.

சுவர் உடைஞ்சுது. கல்லு சடசடன்னு கொட்டுச்சு. புகை சுருண்டு எழுந்துது. ஸ்பீடு நாற்காலியை விட்டுத் துள்ளிட்டான். மணியைப் பாத்தான். ரெண்டு!

'அண்ணே, நீங்க மனுஷனே இல்ல, தெய்வம்! இங்க ஒரு கடைக்காரர் இருக்காரு, உங்ககிட்ட வந்து பாடம் படிக்கணும். நீங்க என்ன வேலைண்ணே பாக்குறீங்க?'

'கடை வச்சிருக்கேன் தம்பி. வெள்ளிக்கிழமை நீங்களும் கண்ணாடி போட்ட உங்க ஃப்ரெண்டும் வந்துட்டுப் போனீங்களே.'

ஸ்பீடு ஏதோ டைப் பண்ணான், அழிச்சான். திரும்ப டைப் பண்ணான்.

'நான்தான்னு தெரிஞ்சேவாண்ணே?'

'என் கடை போட்டோவைக் குரூப்புல போட்ட பேராச்சே, பாத்ததுமே தெரியும். அன்னிக்கே உங்களைப் பிடிச்சு உக்கார வச்சு, சொல்லி அனுப்பியிருக்கணும். என் தப்பும்தான்.'

'கடை நேரத்துலண்ணே... வியாபாரத்தை விட்டுட்டு எனக்காக மூணு மணி நேரம்...'

பதில் வந்துது.

'எதையும் விட்டுட்டு வரல தம்பி. கடையிலதான் உக்காந்திருக்கேன். நாலு நாளா யாரும் வரல.'