ஸாரி சொல்லாதவன்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா. கையிலிருக்கிற வேலையைக் கீழே வையுங்கள். நம் இபாதான் ஊரிலேயே, பெரே பேட்டைப் பக்கம் நடந்த ஒரு திருட்டுக் கதை சொல்கிறேன்.

தையல்காரி மொரெனிக்கேயின் மெஷின் காணாமல் போய்விட்டது. கூடவே, சனிக்கிழமைக் கல்யாணத்தில் முப்பத்திரண்டு பெண்கள் ஒரே நிறத்தில் உடுத்துவதற்காக தைத்துக் கட்டிவைத்திருந்ததாக அவள் சொன்ன துணி மூட்டையும். அன்று புதன்கிழமை.

விசாரிக்க வந்தவர் சார்ஜென்ட் ஒலாதிப்போ. அந்த முப்பத்திரண்டில் ஒன்று அவர் மனைவியுடையது. "துணியில்லாம இந்த வீட்டுக்குள்ள கால் வைக்காதீங்க" என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆகவே விசாரணையில் வழக்கமில்லாத சுறுசுறுப்பு.

மொரெனிக்கே குடியிருந்தது எதிரும் புதிருமாகப் பத்து அறைகள் உள்ள வீடு. அறைக்கு ஒரு குடித்தனம். பூட்டை உடைத்த அடையாளம் இல்லை. எடுத்தது உள்ளாள்தான்.

ஒலாதிப்போவும் நம் ஊரில் பிறந்தவர்தானே, நாம் 'ஸாரி' என்ற சொல்லைப் படுத்துகிற பாடு அவருக்குத் தெரியாதா? வெள்ளைக்காரன் அடுத்தவன் காலை மிதித்தால் சொன்ன சொல் அது. நமக்கோ, எதிர்வீட்டுக்காரி கல் தடுக்கினால் ஸாரி. தும்மினால் ஸாரி. மழையில் நனைந்தால், சுமை தூக்கி வந்தால், மாமியார் வந்து தங்கினால் ஸாரி. நம்மேல் குற்றம் இருக்கும்போது மட்டும் வாயில் வராது. "உன்ன யாரு அங்க நிக்கச் சொன்னது?" என்று மிதிபட்டவர்மேல்தான் பாய்வோம்.

'ஸாரி வராத வாய் எதுவோ, அதுதான் திருட்டு வாய்' என்று மனதுக்குள் கணக்குப் போட்டார் சார்ஜென்ட்.

"எல்லாரும் ஒவ்வொருத்தரா வந்து மொரெனிக்கேயப் பாத்துட்டுப் போங்க" என்றார்.

தலைத்துணி அவிழ்ந்து தொங்க, நடையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள் மொரெனிக்கே.

பயறு வடை சுடும் சிஃபாவு முதலில் வந்தாள். "ஸாரி ஓ, அக்கா! எடுத்தவன் கை வெளங்காமப் போக!"

வீட்டுக்காரர் பா அகானி, "ஸாரி மகளே. நல்ல பூட்டா போடுன்னு அப்பவே சொன்னேன்" என்றார்.

முடிவெட்டும் காசிமு, பாதித் தலை மழித்த ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தான். அந்த ஆளுக்கு அவள் யாரென்றே தெரியாது. அவனும் ஒரு ஸாரி வைத்துவிட்டுப் போனான்.

கடைசியில் வந்தவன் வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டும் லமிதி. வந்தான். கூரையைப் பார்த்தான். பேசாமல் திரும்பினான்.

"நில்லுடா!" சார்ஜென்ட் அவன் சட்டையைப் பிடித்தார். "போன வாரம் என் பூட்ஸ் அறுந்ததுக்கே ரெண்டு தரம் ஸாரி சொன்னவன் நீ. இப்ப நாக்குல என்ன, புண்ணா?"

"ஒண்ணுமில்ல சார்."

"கல்நெஞ்சுக்காரன்!" என்றாள் சிஃபாவு. "காலைல என் வடைய முழுங்குறப்ப மட்டும் நல்லாத் தெறந்துச்சே இந்த வாய்!"

மொரெனிக்கே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், விட்ருங்க சார். நான் மன்னிச்சுட்டேன்."

"நீ மன்னிப்பம்மா, என் வீட்டுக்காரி மன்னிப்பாளா?" விலங்கை எடுத்தார் சார்ஜென்ட். "மூட்டை எங்கடா? இங்கயே சொல்றியா, ஸ்டேஷனுக்கு வந்து சொல்றியா?"

லமிதி விலங்கைப் பார்த்தான். மொரெனிக்கேயைப் பார்த்தான்.

"அவங்க தங்கச்சி வீட்டுல இருக்கு சார். மெஷினையும் மூட்டையையும் என் வண்டியில ஏத்திவிட்டதே இந்த அக்காதான். சனிக்கிழமை நெருங்குது, ஒரு துணியிலகூட இன்னும் கத்திரி படல. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணினேன், சரி. ஆனா ஒண்ணுமே தொலைக்காதவங்ககிட்டப் போய் எப்படி சார் ஸாரி சொல்றது?"

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டுக் கல்யாணத் துணியெல்லாம் நேரத்தோடு தைத்து வரட்டும். இடுப்பளவும் சரியாக இருக்கட்டும்.